வாயில்களின் நாட்டில் ஒரு நாள்

வெளியூரில் உத்தியோகம் பார்க்கும் நம்மவர்க்குப் பிரயாணம் என்பது பெரும்பாலும் ஒரே திசையில் அமைந்துவிடுகிறது. ஆண்டு முழுவதும் சேர்த்த விடுமுறையும், சேர்த்த பணமும், ரயில்வேக்காரராயின் இலவசப் பாஸும் தெற்கு நோக்கியே செலவாகின்றன. ஊரில் கல்யாணம், காதுகுத்து, கோயில் கொடை, போகாமல் இருக்க முடியாது, இருக்கவும் வேண்டாம். ஆயினும் ஆண்டில் பதினொரு மாதம் நாம் வாழ்வது இந்த ஊரில்தான். நியூ ஜல்பைகுரியில் எங்கள் குடியிருப்பின் மொட்டைமாடியிலிருந்து பார்த்தால், வானம் தெளிந்த காலைகளில், வடக்கே மலைகள் படிப்படியாக எழுந்து நிற்க, அவற்றின் மேல் கஞ்சன்ஜங்கா வெண்மையாய்த் தோன்றும். அந்த மாடியில் வடகம் காயவைக்கும் தமிழ்க் குடும்பங்களுள் அம்மலையின் அடிவாரத்தை மிதித்தவை மிகச் சில.

இப்பகுதியைப் படித்துவரும் அன்பர்கள் சிலர் இரண்டு வினாக்களை எழுதி அனுப்பியிருக்கின்றனர். குழந்தைகளும் முதியோரும் உள்ள குடும்பம் ஒரே நாளில் மலையையும் வனவிலங்கையும் கண்டு இரவுக்குள் வீடு திரும்ப இயலுமா என்பது ஒன்று. இயலும். காலை 5 மணிக்குப் புறப்பட வேண்டும்; அவ்வளவுதான். இதற்கெனத் தனி வண்டியும், உடன்வர ஒரு வழிகாட்டியும் அமர்த்துவது நம் போன்ற சம்பளக்காரர்க்குத் தகுமா, அல்லது வீண் ஆடம்பரமா என்பது மற்றொன்று. இதற்கு ஒரு சொல்லில் விடை கூற முடியாது. சென்ற மாசி மாதத்தில், என் தாயார், மனைவி, குழந்தைகள் இருவர் ஆகியோருடன் அவ்வாறு ஒரு நாள் சென்று வந்தேன். அதை விவரித்தால் விடை தானே விளங்கும் என்று கருதுகிறேன்.

நாங்கள் சென்ற பிரதேசத்துக்குத் துவார்ஸ் என்று பெயர். துவாரம் என்றால் வாயில். கோயில்தோறும் துவாரபாலகரைக் கண்டு வளர்ந்த நமக்கு இச்சொல்லை விளக்க வேண்டுவதில்லை. பூட்டான் மலைகளிலிருந்து சமவெளிக்கு இறங்கும் வழிகள் பதினெட்டு என்பர். ஒவ்வொன்றும் ஒரு துவார். 1864-65இல் நடந்த போரில் ஆங்கிலேயர் இந்த வாயில்களைப் பூட்டானிடமிருந்து கைப்பற்றினர். பின்னர்க் காட்டை வெட்டித் தேயிலை பயிரிட்டனர். கொழுந்து கிள்ளச் சோட்டா நாகபுரியிலிருந்து ஒராவோன், முண்டா, சந்தால் மக்கள் குடும்பம் குடும்பமாகக் கொண்டுவரப்பட்டனர். நம்மவர் இலங்கைக்கும் ஆனைமலைக்கும் தேயிலைக் கூலிகளாகச் சென்ற அதே கதைதான், பெயர்களே வேறு. ஆகவே இங்கே வெளியூர்க்காரர் நாம் மட்டும் அல்லேம்.

வண்டி அமர்த்துவதைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். கூட்டத்தோடு பஸ்ஸில் போவது மலிவு; மறுப்பதற்கில்லை. ஆனால் பஸ் நிற்கும் இடத்தில்தான் நாம் இறங்கலாம். அது புறப்படும் நேரத்தில்தான் ஏறலாம். முழங்கால் வலியுள்ள முதியவர் ஒருவரும், அரைமணிக்கொருதரம் ஏதேனும் கேட்கும் சிறுவன் ஒருவனும் உள்ள குடும்பத்துக்கு அது ஒத்துவராது. எங்கள் ஐவருக்கும் வண்டி, எரிபொருள், வழிகாட்டி, வன இலாகாக் கட்டணம் எல்லாம் சேர்ந்து ஆன தொகை, தீபாவளிக்கு எடுத்த துணிமணிச் செலவைவிடச் சற்றுக் குறைவு. என் மனைவி கணக்கு நோட்டில் இவ்விரண்டையும் அருகருகே எழுதி வைத்திருக்கிறாள். எதற்காக என்று நான் கேட்கவில்லை.

வண்டி எளிதில் கிடைத்துவிடும். வழிகாட்டியைத் தேர்ந்தெடுப்பதில்தான் விஷயம் இருக்கிறது. எங்கள் குடியிருப்பைச் சேர்ந்த அன்பர் ஒருவர் முந்திய ஆண்டு இதே பிரதேசத்துக்குப் போய் வந்தார். அவரை அழைத்துச் சென்றவர்கள், “யானை காட்டாவிட்டால் பாதிப் பணம் வாபஸ்” என்று வாக்களித்திருந்தனர். வாக்களித்தவர் என்ன செய்வார்? மாலையில் யானைக் கூட்டம் ஒன்று சாலையைக் கடந்துகொண்டிருந்தபோது, குட்டி இருப்பதையும் பாராமல், வண்டியை அருகில் கொண்டுபோய் நிறுத்திவிட்டார். தாய் யானை காதுகளை விரித்துக்கொண்டு வண்டியை நோக்கி நாலெட்டு ஓடி வந்தது. எப்படியோ பின்வாங்கிவிட்டது. அன்பரின் இளைய மகள் இரண்டு நாள் ஜுரமாய்ப் படுத்திருந்தாள். “யானை பார்த்தோம், பணத்துக்கு மோசமில்லை” என்று அவர் இன்றும் சொல்கிறார். என் அபிப்பிராயம் வேறு.

எனக்கு ஒரு வழிகாட்டியின் பெயரைத் தந்தவர் மால்பஜார் நிலையத்துச் சக ஊழியர். சால்சாவுக்கு அருகே, தேயிலைத் தோட்டமும் காடும் சந்திக்கும் ஒரு கிராமத்து இளைஞர் அவர். தாய்மொழி நேபாளி, வங்காளியும் ஹிந்தியும் தோட்டத்து மக்களின் சாத்ரியும் நன்றாகப் பேசுவார். வன இலாகா தந்த வழிகாட்டிச் சீட்டு வைத்திருந்தார். டெலிபோனில் பேசும்போது, “யானை பார்க்கலாமா?” என்று வேண்டுமென்றே கேட்டேன். “மலையைக் காட்டுகிறேன், ஆற்றைக் காட்டுகிறேன்; யானை என் வீட்டுப் பசு அல்ல, பாபு” என்றார். அப்போதே அவரை அமர்த்திவிட்டேன்.

சிலிகுரியைத் தாண்டியதும் மஹாநந்தா சரணாலயத்துச் சால மரங்கள் சாலையின் இருபுறமும் வந்துவிடுகின்றன. வாழைக்கு வேலி கட்டியதுபோல ஒழுங்காக நிற்கும் அம்மரங்களைப் பார்த்து, “இதெல்லாம் நட்டதா, தானா முளைச்சதா?” என்று என் தாயார் கேட்டார். அம்பாசமுத்திரத்துப் பக்கத்தவர் ஆதலால் காட்டைப் பற்றி அவருக்குத் தெரியும். பாதிக்கு மேல் நட்டதுபோலத்தான் எனக்கும் தோன்றியது.

சேவோக்கில் தீஸ்தா ஆறு மலையை விட்டு வெளியே வருகிறது. அங்குள்ள வளைவுப் பாலத்தை அவசியம் இறங்கிப் பார்க்க வேண்டும். ஆறாம் ஜார்ஜ் மன்னர் முடிசூடிய நினைவாக 1937இல் அடிக்கல் நாட்டி, 1941இல் முடித்தது. ஆற்றின் ஆழமும் வேகமும் அதிகமாதலால் நடுவில் தூண் நிறுத்த இயலாது. ஆகவே கரைக்குக் கரை ஒரே வில்லாகத் தாவியிருக்கிறது. பாலத்து முகப்பில் இரண்டு புலிச் சிலைகள் இருப்பதால் ஊரார் இதைப் புலிப்பாலம் என்கின்றனர். மன்னரை யாரும் நினைப்பதில்லை. 2023 அக்டோபரில் சிக்கிமில் லோனாக் ஏரி உடைந்து தீஸ்தாவில் பெருவெள்ளம் வந்ததை வாசகர்கள் அறிவர்; மேலே சுங்தாங் அணையையே அது அடித்துச் சென்றது. பாலத்தில் நின்று கீழே பார்த்தபோது, அவ்வளவு நீர் இந்த இடுக்கு வழியாகத்தானே இறங்கியிருக்க வேண்டும் என்ற எண்ணமே எழுந்தது.

7 மணிக்குச் சால்சா. வழிகாட்டி சாலையோரத்தில் காத்திருந்தார். என் தாயாரைக் கண்டதும் கைகூப்பி, “ஆமா” என்றார். நேபாளியில் தாய்க்கு ஆமா என்று பெயர். என் தாயாரோ, தாம் ஏதோ கேட்டதற்கு அவர் “ஆமாம்” என்று விடை சொல்வதாக எண்ணிக்கொண்டு, “நான் ஒண்ணும் கேக்கலியே?” என்றார். அன்று மாலை வரை இது தீரவில்லை. நம் பழைய நூல்களில் காட்டுப் பசுவுக்கும் ஆமா என்று ஒரு பெயருண்டு என்று எங்கள் சங்கத்துத் தமிழாசிரியர் பின்னர்ச் சொன்னார். அன்று பிற்பகல் அதையும் கண்டோமாதலால் மூன்று ஆமாவும் சரியாகிவிட்டன.

அவர் எங்களை நேரே காட்டுக்குள் அழைத்துச் செல்லவில்லை. மூர்த்தி ஆற்றங்கரைக்கு அழைத்துச் சென்றார். மூர்த்தி பெரிய ஆறன்று. கூழாங்கற்களின் மேல் கணுக்கால் அளவு நீர் சலசலத்து ஓடும். நீரோரத்து ஈர மணலில் வட்ட வட்டமாய்ப் பள்ளங்கள். முந்திய இரவு யானைகள் இறங்கிக் கடந்த தடம் என்றார். பையிலிருந்து ஒரு சணல் கயிற்றை எடுத்து, நன்றாகப் பதிந்திருந்த ஒரு முன்னங்கால் தடத்தின் விளிம்பைச் சுற்றி வைத்தார். பிறகு கயிற்றை என் மகளிடம் கொடுத்து, “அளந்து பார்” என்றார். சாணால் அளந்தாள்; என் தாயாரின் சாண். ஐந்தரைச் சாண் வந்தது. “அதை இரட்டித்துக்கொள். யானையின் உயரம் அதுதான்” என்றார். முன்னங்காலின் சுற்றளவைப் போல் இருமடங்கு தோளுயரம் என்பது பாகர்கள் கையாளும் பழைய கணக்காம். பதினொரு சாண் என்றால் எட்டடிக்குச் சற்று மேல். மகள் தன் தலைக்கு மேல் கையை உயர்த்தி, எட்டடி எவ்வளவு என்று காற்றில் தேடினாள். பக்கத்தில் ஒரு சிறு தடமும் இருந்தது. தோசைத் தட்டு அளவுகூட இல்லை. அதை அளக்க வேண்டாம் என்று பையன் சொல்லிவிட்டான். ஏன் என்று தெரியவில்லை.

அங்கிருந்து குனியா சந்திப்பு வரை காட்டினூடே சாலை. ஓரிடத்தில் வண்டியை நிறுத்தி, இயந்திரத்தையும் நிறுத்தச் சொன்னார். எதிரே உயரமான ஒரு மரம். நாற்பதடி உயரத்தில் ஒரு பொந்து. “இருபது நிமிஷம் பேசாமல் இருக்க முடியுமா?” என்று என் பையனைப் பார்த்துக் கேட்டார். அவன் ஒப்புக்கொண்டதே எனக்கு ஆச்சரியம். பதினைந்து நிமிஷத்துக்குப் பிறகு, நீராவி இஞ்சின் மூச்சு விடுவதுபோன்ற இறக்கையோசையுடன் பெரிய பறவை ஒன்று வந்து பொந்தருகே ஒட்டிக்கொண்டது. அலகின் மேல் இன்னோர் அலகு வைத்தாற்போன்ற அமைப்பு. “இருவாச்சில்லா!” என்று என் தாயார் முணுமுணுத்தார். பாபநாச மலையில் அவர் சிறுமியாய் இருந்தபோது கண்டது. பெண் பறவை மரப்பொந்துக்குள் புகுந்து, வாயிலை மண்ணாலும் எச்சத்தாலும் அடைத்துக்கொண்டு, அலகு நுழையும் அளவே இடைவெளி விட்டு, உள்ளேயே முட்டையிட்டு அடைகாக்கும். குஞ்சு வளரும் வரை ஆண்தான் பழம் கொண்டுவந்து ஊட்ட வேண்டும். ஆண் வராவிடில் உள்ளே உள்ளவை பட்டினி. நாங்கள் பார்க்கும்போதே அது தொண்டைக்குள்ளிருந்து ஒவ்வொரு பழமாக வெளிக்கொணர்ந்து இடுக்கு வழியே கொடுத்தது. பதினொன்று வரை எண்ணினோம். எங்களைக் கடந்து அந்த இருபது நிமிஷத்தில் மூன்று வண்டிகள் விரைந்து சென்றன. அவற்றில் இருந்தவர்களும் காட்டைப் பார்க்க வந்தவர்களே.

வழிகாட்டிக்குக் கொடுக்கும் பணம் எதற்கு என்று கேட்பவர்க்கு நான் இந்த மரத்தைத்தான் காட்டுவேன். விலங்குகள் யாருடைய சொத்தும் அல்ல. அவற்றை வரவழைக்க யாராலும் முடியாது. எந்த மரத்தில், எந்த மாதத்தில், எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்பது அங்கேயே பிறந்து வளர்ந்த ஒருவரின் கண்ணில் இருக்கிறது. அந்தக் கண்ணை ஒரு நாளைக்கு வாடகைக்கு வாங்குகிறோம். 2017 ஜனவரியில் இப்பகுதிக்கு அருகேயுள்ள நியோரா பள்ளத்தாக்கில், மலைச் சாலையில் வண்டியோட்டிச் சென்ற ஒருவர் ஒரு புலியைக் கண்டு படமெடுத்தார். அங்கே புலி உண்டு என்பதற்கு அதுவே முதல் படச்சான்று. அதன்பின் வன இலாகா வைத்த தானியங்கிக் காமிராக்களிலும் புலி பதிவாயிற்று. பல்லாண்டு ஐயத்தைத் தீர்த்தவர் விஞ்ஞானி அல்லர். நாள்தோறும் அந்த வழியே வண்டியோட்டும் ஒரு சாரதி.

குனியாவிலிருந்து வடக்கே திரும்பினால் சப்ராமாரிக் காடு. அக்காட்டின் நடுவே சாலை ரயில் பாதையைக் கடக்கிறது. ரயில் வரும் சமயமாதலால் சிறிது நேரம் நிற்க நேர்ந்தது. இந்தப் பாதையைப் பற்றி ரயில்வேக்காரன் என்ற முறையில் நான் சற்று விரிவாகச் சொல்வதை வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

1947இல் தேசம் பிரிந்தபோது, அஸ்ஸாமுக்குச் செல்லும் ரயில் பாதை கிழக்குப் பாகிஸ்தானுக்குள் சிக்கிக்கொண்டது. அஸ்ஸாம் தனித்துவிட்டது. உடனே கிஷன்கஞ்சிலிருந்து ஃபகிராகிராம் வரை, அங்கங்கே இருந்த பழைய பாதைகளையும் இணைத்து, மீட்டர் கேஜில் ஓர் இணைப்புப் பாதை போட்டனர். ஆறுகளும் காடும் மலேரியாவும் நிறைந்த பிரதேசம். இரண்டே ஆண்டுகளில் முடித்து, 1950 ஜனவரி 26 அன்று பிரயாணிகள் வண்டியை ஓட்டிவிட்டனர். எங்கள் இலாகாவில் இன்றும் பெருமையோடு சொல்லப்படும் வேலை அது. நாங்கள் நின்ற இடம் அப்பாதையின் ஒரு பகுதி. மீட்டர் கேஜ் காலத்தில் வண்டிகள் குறைவு, வேகமும் குறைவு. 2003-04இல் அகலப் பாதையாக மாற்றினர். வண்டிகள் பெருகின, வேகம் கூடிற்று.

யானைகள் தம் வழியை மாற்றிக்கொள்ளவில்லை. நேபாள எல்லையில் உள்ள மேச்சி ஆற்றிலிருந்து அஸ்ஸாம் எல்லையில் உள்ள சங்கோஷ் ஆறு வரை அவை பருவத்துக்குப் பருவம் போய் வருகின்றன. தண்டவாளமும் அதே திசையில் காட்டைக் கிழித்துக்கொண்டு போகிறது. 2010 செப்டம்பரில் பனார்ஹாட் அருகே இரவில் ஒரு சரக்கு வண்டி மோதி ஏழு யானைகள் மாண்டன. 2013 நவம்பரில், நாங்கள் நின்ற இதே சப்ராமாரிக் காட்டில், ஜல்டாகா பாலத்தருகே, ஒரு விரைவு வண்டி மோதி ஐந்துக்கும் மேற்பட்டவை இறந்தன. அவற்றுள் குட்டிகளும் உண்டு. அகலப் பாதை வந்தபின் இவ்வாறு மாண்டவற்றைப் பல டஜன் என்றுதான் கணக்கிட வேண்டும்.

“அவ்வளவு பெரிய காது இருக்கிறதே, ரயில் வருவது கேட்காதா?” என்று என் பையன் கேட்டான். நான் மொழிபெயர்த்தேன். வழிகாட்டி அவனிடம் குனிந்து, “நன்றாகக் கேட்கும். பெரிய யானை தப்பி ஓடிவிடும். குட்டியால் கரைமேட்டில் ஏற முடியாது, தண்டவாளத்தினிடையே கால் சிக்கிக்கொள்ளும். அதை விட்டுவிட்டு மற்றவை போகமாட்டா” என்றார். பனார்ஹாட்டிலும் குட்டிகள் பாதையில் சிக்கிக்கொள்ளவே மற்றவை சூழ்ந்து நின்றன என்று அக்காலத்துப் பத்திரிகைகள் எழுதின. என் தாயார், “பெத்தவ எப்படி விட்டுட்டுப் போவா?” என்று மட்டும் சொன்னார். அதை நான் மொழிபெயர்க்கவில்லை. அவருக்கு விளங்கிவிட்டது போலிருந்தது. 2013 விபத்தின்போது அவர் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தாராம். மறுநாள் ஊரே பூவும் ஊதுபத்தியும் கொண்டு வந்ததாம். இப்பக்கத்து மக்கள் யானையை ஹாத்தி என்று பெயர் சொல்வதில்லை; மஹாகால் என்றே சொல்கின்றனர். பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்கும் நமக்கு இது புதிதன்று. அதே யானை நெல் விளையும் மாதங்களில் இரவில் இறங்கி வயலை அழிக்கிறது, குடிசையை இடிக்கிறது, ஆட்களையும் கொல்கிறது. அவருடைய பெரியப்பா வீட்டின் பின்சுவர் இருமுறை இடிக்கப்பட்டிருக்கிறது. இரண்டையும் ஒரே குரலில் சொன்னார்.

இப்போது நிலைமை சற்று மாறியிருக்கிறது. 2022 டிசம்பரில் சால்சாவுக்கும் ஹாசிமாராவுக்கும் இடையே ஒரு புதிய ஏற்பாட்டைச் சோதனையாகத் தொடங்கினர். பாதையை ஒட்டிச் செல்லும் கண்ணாடி இழைக் கம்பியே காதாக அமைகிறது. யானை நடந்தால் மண் அதிர்கிறது. அந்த அதிர்ச்சி கம்பிக்குள் ஓடும் ஒளியை மாற்றுகிறது. நிலையத்துக்கும் கட்டுப்பாட்டு அறைக்கும் உடனே தகவல் போகிறது. வண்டியோட்டி வேகத்தைக் குறைக்கிறார். இதற்கு முன்பே, 2017 முதல், எங்கள் வடகிழக்கு எல்லைப்புற ரயில்வேயில் தேனீ இரைச்சலை ஒலிபெருக்கி வழியே எழுப்பி யானைகளை விலக்கும் உபாயமும் கையாளப்பட்டு வருகிறது. தேனீக்கு யானை அஞ்சும் என்பதை யார் முதலில் கண்டாரோ, அவர் காட்டுக்காரராகத்தான் இருந்திருப்பார்.

நிலையத்தில் விசாரணை ஜன்னலருகே நின்று பார்த்தவர்க்குத் தெரியும்: காட்டுப் பகுதியில் வண்டி ஏன் ஊர்ந்தது என்று பிரயாணிகள் எவ்வளவு கோபமாகக் கேட்கின்றனர் என்று. குவஹாத்திப் பக்கம் உறவினர் உள்ள நம்மவரும் அக்கூட்டத்தில் உண்டு. அது வண்டியோட்டியின் சோம்பல் அன்று. இரவு நேரத்துக்கென்று விதித்த காஷன் ஆர்டர். நாங்கள் காத்திருந்த வண்டி மெதுவாகவே வந்தது. பையன் பெட்டிகளை எண்ணினான். வண்டி போனபின் வழிகாட்டி தண்டவாளத்துக்கு இருபுறமும் புல் அமுங்கி உண்டான ஒரு வழியைக் காட்டினார். ஒரு புறத்திலிருந்து மறுபுறத்துக்கு நேர்க்கோடாய்ச் சென்றது. நம் ஊர்களில் வயல்வரப்பின் மேல் உண்டாகும் ஒற்றையடிப் பாதை போன்றே இருந்தது, அகலம்தான் அதிகம்.

சப்ராமாரியைத் தாண்டியதும் சாலை ஏறத் தொடங்குகிறது. ஜாலோங்கில் ஜல்டாகா ஆறு தோன்றும். அங்கிருந்து பிந்து வரை ஆற்றை விட்டு விலகாமலே போகலாம். வழியில் ரொங்கோப் பக்கம் சின்கோனாத் தோட்டங்கள் உள்ளன. கொய்னா மருந்து இம்மரப் பட்டையிலிருந்து எடுப்பதே. நீலகிரியில் நடுவட்டத்திலும் இத்தகைய தோட்டம் போட்டனர். பிந்துவில் ஆற்றின் குறுக்கே ஒரு தடுப்பணை, அக்கரை பூட்டான். பாறைகளுக்கு இடையே நீர் பச்சைக் கண்ணாடிபோல் இருக்கிறது. வீட்டுக்கு வீடு ஏலக்காய். மலைக்காட்சி என்று எழுதினால் எத்தனையோ எழுதலாம், எல்லோரும் எழுதியிருக்கின்றனர். நான் அங்கே கண்டது, என் தாயார் பாறைமேல் அமர்ந்து கால்களை நீரில் விட்டு, தாமிரபரணியில் அமர்வதுபோலவே அமர்ந்திருந்ததைத்தான். தண்ணீர் பனிபோல் இருந்தது. “எடுத்துருங்க அத்தை, ஜலதோஷம் பிடிக்கும்” என்று என் மனைவி நாலைந்து தடவை சொன்னாள். பயனில்லை.

மதியச் சாப்பாடு அங்கேயே. புளியோதரையும் தயிர்சாதமும் வாழையிலையில். வழிகாட்டிக்கும் சாரதிக்கும் இலை போட்டோம். அவருடைய தாய் எங்களுக்கென்று சேல் ரொட்டி கொடுத்தனுப்பியிருந்தார். அரிசிமாவில் சர்க்கரை சேர்த்து வளையமாகச் சுட்டது. அதிரசத்துக்கும் முறுக்குக்கும் பிறந்த பிள்ளை என்று என் மனைவி பெயர் வைத்தாள். அதன் பக்குவத்தை அவர் வாயால் கேட்டு எழுதிக்கொண்டாள்.

பிற்பகல் கோருமாராக் காட்டுக்குச் சென்றோம். 1949இல் சரணாலயமாகி, 1990க்குப் பின் தேசியப் பூங்காவாக உயர்ந்தது. இதற்கு லாட்டாகுரியில் வன இலாகாவிடம் சீட்டு வாங்கி, அனுமதி பெற்ற ஜீப்பில்தான் செல்ல வேண்டும். நாங்கள் ஏறிய காவற்கோபுரத்துக்கு ஜாத்ராபிரசாத் என்று பெயர். மந்திரியின் பெயரோ வள்ளலின் பெயரோ அன்று. வன இலாகாவில் உழைத்த ஒரு யானையின் பெயர். சர்க்கார் கட்டடத்துக்கு யானையின் பெயர் வைத்திருப்பதை நான் வேறெங்கும் கண்டதில்லை. கோபுரத்தின் கீழே ஆற்றங்கரைப் புல்வெளி. விலங்குகள் நக்குவதற்கு உப்பு வைக்கும் இடமும் அங்கேதான். ஒற்றைக் கொம்புக் காண்டாமிருகம் ஒன்று, தன்பாட்டுக்கு மேய்ந்துகொண்டு, எங்களைத் திரும்பியும் பாராமல் அரைமணி நேரம் நின்றது. வெயில் சாய்ந்தபின் காட்டு மாடுகள் ஒன்பது வந்தன. முழங்கால் வரை வெள்ளைக் காலுறை போட்டாற்போன்ற கால்கள். யானை வரவில்லை.

வரவில்லை என்பதைப் பையன் வீடு திரும்பும்வரை நாலு தடவை சொன்னான். வழிகாட்டி அவனுக்குச் சமாதானம் எதுவும் சொல்லவில்லை. இறங்கும்போது அந்தச் சணல் கயிற்றை மட்டும், ஐந்தரைச் சாணில் ஒரு முடிச்சுப் போட்டு, அவன் கையில் கொடுத்தார். இரவு 9 மணிக்கு வீடு சேர்ந்தோம்.

போக விரும்பும் அன்பர்களுக்குச் சில விவரங்கள். கோருமாராவும் சப்ராமாரியும் ஜூன் 16 முதல் செப்டம்பர் 15 வரை மழைக்காக மூடப்படும். மற்ற மாதங்களில் வியாழக்கிழமை விடுமுறை. ஐப்பசி முடிந்து பங்குனி வரையுள்ள காலமே குடும்பத்துக்கு ஏற்றது. அடையாளச் சீட்டைப் பெரியவர்கள் அனைவரும் எடுத்துச் செல்லவும். வண்டி பேசும்போதே, எரிபொருளும் நுழைவுக் கட்டணமும் சேர்ந்ததா, தனியா என்பதைக் காகிதத்தில் எழுதி வாங்கிக்கொள்வது நல்லது. சிவப்பு, மஞ்சள் உடைகள் காட்டுக்கு ஆகா. தாழம்பூ, சந்தனம் முதலிய வாசனைகளும் வேண்டாம். குரங்குக்கு எதுவும் போடக்கூடாது. இலையையும் காகிதத்தையும் திரும்பக் கொண்டுவந்துவிட வேண்டும். விலங்கு நிச்சயம் என்று உறுதி சொல்பவரை அமர்த்த வேண்டாம். அமர்த்தியபின், வண்டியை எங்கே நிறுத்துவது, எப்போது திரும்புவது என்பதை வழிகாட்டியிடமே விட்டுவிடவும். அவருக்கும் சேர்த்துச் சாப்பாடு கட்டிக்கொள்ளவும். அவருடைய கூலியை வண்டிக்காரர் மூலமாக அனுப்பாமல் அவர் கையிலேயே கொடுத்துவிடவும்.